ஓட்டயப் பாரு, றெக்கய அப்பறம் பாக்கலாம்

எதுக்கெடுத்தாலும் முந்திக்கிட்டு வர்றவன நாம "முந்திரிக்கொட்ட"ன்னு திட்டுறோம். அந்தக் கொட்டைக்கு இது தெரிஞ்சா நம்ம மேல மானநஷ்ட வழக்குப் போட்டுரும். அது முந்துறதுல ஒரு ஞாயம் இருக்கு தம்பி. அந்த மரத்துக்கு நெசமான காய் கொட்டதான். பழம்னு கடிச்சுத் தொண்ட கரகரன்னு போவுதே, அது வெறும் காம்பு வீங்கினது. காய் மொதல்ல தன் அளவுக்கு வளந்து நின்னுக்கும், காம்பு பின்னாடி பொறுமையா வீங்கும். ஆக, கொட்ட முறப்படிதான் நடக்குது. முறை தப்பி முந்துறது நீதான்.

பிஞ்சுல ஒரு ஓட்டயக் கண்டா, துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வண்டிய முறுக்கி நேரா மருந்துக்கடைக்குப் போற. "என்னா பூச்சி?"ன்னு கடைக்காரர் கேட்டா, "பறக்குமே, அது"ங்குற. அவரும் தயாள மனசுக்காரர். பறக்குறது, ஊர்றது, நடக்குறது எல்லாத்துக்கும் சேத்து ஒரு டப்பாவ எடுத்து வைக்கிறாரு. நீ காச எண்ணி வைக்கிற. பூச்சி செத்துச்சோ இல்லியோ, அந்த மாசத்துக் கடை வாடகை கட்டியாச்சு.

படிச்ச புள்ளைங்க இன்னொரு ரகம். ராத்திரி விளக்குக்கடியில செத்துக் கெடக்குற ஏதோ ஒரு அந்துப்பூச்சியப் படம் புடிச்சு செல்போனுகிட்ட பேரு கேக்குறானுவோ. செல்போனும் கூச்சமில்லாம ஒரு பேரு சொல்லுது. மறுநாள் அதே பூச்சியத் திருப்பிப் போட்டு எடுத்தா வேற பேரு சொல்லுது. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ள பேர இப்படி மாத்தி அடிச்சா வுடுவியா? பூச்சி பேருன்னா மட்டும் சரின்னு தலையாட்டுற.

பெருமைக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம்? கெழக்கயும் மேக்கயும் எங்க நின்னு பாத்தாலும் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம் தெரியுது. 2004-லேருந்து அது யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ராசேந்திர சோழன் கங்கைத் தண்ணியக் கொண்டாந்து ஏரியில ஊத்துனான். ஆனா ஒண்ணு கேட்டுக்க. முந்திரி பிரேசில் தேசத்துச் சரக்கு. போர்ச்சுகீசியக்காரன் கப்பல்ல வந்து எறக்குனது 16-ஆம் நூத்தாண்டுல. ராசேந்திரன் 1044-ல கண்ண மூடி, அதுக்கப்பறம் ஏறக்கொறைய 500 வருசம் கழிச்சு வந்த மரம் இது. கடல் தாண்டிப் போயி கடாரத்தயே புடிச்ச ராசாவுக்குப் பாயசத்துல போட ஒரு முந்திரிப்பருப்பு கெடைக்கல. அதனால, முந்திரிப் பூச்சிக்குச் சோழர் காலத்து ரகசிய வைத்தியம் எங்கிட்ட இருக்குன்னு எவனாச்சும் பொட்டலத்த நீட்டுனா, பொட்டலத்த வாங்காத, ஆள மட்டும் நல்லாப் பாத்து வச்சுக்க.

செயங்கொண்டம், ஆண்டிமடம், உடையார்பாளையம், செந்துறைன்னு இந்தச் செம்மண் கொல்லைங்கள்ல தை, மாசி வந்தா பூவும் பிஞ்சுமா மரம் நிக்கும். அப்பத்தான் நம்ம ஆளும் வருவான். வேளாண்மைப் புத்தகத்துல "பழம் மற்றும் கொட்டைத் துளைப்பான்"னு போட்டிருக்கும். விஞ்ஞானிங்க வச்சிருக்கற பேரு தைலகாப்டிலா பாரோசீமா. பேரக் கேட்டா ஆறடி இருப்பான்னு நெனப்ப. ஆளு கருத்த, சின்ன அந்து. மரத்துப் பட்டையில ஒக்காந்தா பட்டைக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது. 1885-ல இவனுக்குப் பேரு வச்சவரு எட்வர்ட் மேரிக்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு. பொழுதெல்லாம் பசங்களுக்குப் பாடம் சொல்லிட்டு, மிச்ச நேரத்துல ஆயிரக்கணக்கான சின்ன அந்துங்களுக்குப் பேரு வச்சாரு. நமக்குக் கொழந்தைக்குப் பேரு வைக்கவே மூணு மாசம் ஆவுது, அதுக்கும் ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்த முறிஞ்சுபோவுது.

இந்த ஆளுக்குத் தம்பி, றெக்கை முக்கியமில்ல. றெக்கை மொளச்சவன் உன் கொட்டயத் தின்னுறதில்ல. தின்னுறது புழு. புழுவும் வெளியில ஒக்காந்து தின்னா நீ பாத்துருவன்னு உள்ள பூந்துக்குது. அதனால திருடனோட மூஞ்சியத் தேடாத, அவன் வுட்டுட்டுப் போன தடத்தப் பாரு. கொட்டயில மூணு தடம் வரும். மூணும் மூணு ஆளோடது.

ஒண்ணு: காயும் பழமும் ஒட்டுற எடுக்குல ஒரு ஓட்ட. ஓட்ட வாய்ல பொடிப்பொடியா எச்சம் அடச்சிருக்கும். ரெண்டு மூணு பிஞ்ச நூலால இழுத்துச் சேத்துக் கட்டியிருக்கும். பிளந்தா உள்ள ஒரு புழு. சின்னதுல வெளுப்பா இருந்தது, வளர வளர கருஞ்செவப்பா ஆயிரும். அப்படிப்பட்ட பிஞ்சு சுருங்கிப் பழுக்காமயே கீழ வுழும். இவன்தான் நாம தேடுற அந்து.

ரெண்டு: ஓட்டயே இல்ல. தோல்ல கருப்பு கருப்பா குழி வுழுந்த புள்ளி. பூங்கொத்தும் கருகி நிக்கும். இது அந்து இல்ல, தேயிலைக் கொசு. கொசுன்னு சொன்னாலும் கொசு இல்ல, சாறு உறியுற நாவாய்ப்பூச்சி இனம். முதுகுல குண்டூசி குத்தி வச்ச மாதிரி இருக்கும், அதப் பாத்தே கண்டுக்கலாம்.

மூணு: மரத்துல இல்ல, வூட்டுல. தோட்டோட மூட்டையில கட்டி வச்ச மல்லாட்டயில சுத்தமா வட்டமா ஒரு ஓட்ட. நூல் இல்ல, எச்சம் அடைக்கல. தோட்டுக்கு வெளியில காகிதம் கணக்கா ஒரு வெள்ளக் கூடு ஒட்டியிருந்தாலும் இருக்கும். இது வண்டு. புளியங்காயிலேயும் இவனேதான் குடித்தனம் பண்றான். பரண்மேல பழைய புளியும் பக்கத்துல மல்லாட்ட மூட்டையும் வச்சிருக்கியே, சம்பந்தி வூட்டுக்குப் போவ அவனுக்கு பஸ்ஸே தேவையில்ல.

கொட்டயப் பிளந்து உள்ள இருக்கறது அந்துப்புழுவா வண்டுப்புழுவான்னு சந்தேகம் வந்தா, கால எண்ணு. தலைக்குப் பின்னாடி மூணு சோடிக் கால், அதுக்கும் பின்னாடி வயித்துல சதைக்கால்ங்க இருந்தா அது அந்தோட புழு. கூன் போட்டுக்கிட்டு, வயித்துல சதைக்காலே இல்லாம சுருண்டு கெடந்தா வண்டு வகை. கண்ணு தெரியலன்னா பேரப்புள்ளய எண்ணச் சொல்லு. அவனுக்கும் கணக்கு வரட்டும்.

இவ்வளவும் பாத்தும் மனசு கேக்கல, பேரு தெரிஞ்சாவணும்னா, அதுக்கும் வழி இருக்கு. ஓட்ட வுழுந்த பிஞ்சு நாலஞ்சப் பொறுக்கு. ஒரு கண்ணாடி பாட்டில்ல ரெண்டு விரக்கடைக்கு லேசா ஈர மண்ணு போடு, ஏன்னா இந்தப் புழு மண்ணுக்குள்ள எறங்கித்தான் கூடு கட்டும். பிஞ்ச மேல வச்சு, வாய மெல்லிசான துணியால கட்டி, நெழல்ல வையி. மேல தேதிய எழுதி ஒட்டு. அப்பறம் காத்திரு. ஆமா, காத்திரு. அந்த வார்த்தையக் கேட்டதும் உன் மூஞ்சி போற போக்கப் பாரு! கொஞ்ச நாள்ல அந்து வெளிய வரும். சில சமயம் அந்துக்குப் பதிலா குட்டிக் குளவி ஒண்ணு வரும். அத அடிச்சுராத. அது உன் புழுவத் தின்னு வளந்த புள்ள, உன் கட்சி.

வந்த அந்துவப் பாத்ததும் பேரு சொல்லிரலாம்னு நெனைக்காத. இந்தக் குடும்பத்துல ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தனுக்கு அப்படியே இருக்கும். விஞ்ஞானிங்க அதோட வால்பக்கத்த வெட்டி, மருந்துல ஊற வச்சு, இனப்பெருக்க உறுப்ப மைக்ராஸ்கோப்புல பாத்துட்டுத்தான் "இவன் இவன்தான்"னு கையெழுத்துப் போடுறாங்க. கோயம்புத்தூர்ல வேலை பாத்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிங்களப் பத்தி 1940-ல தடியா ஒரு கைப்புத்தகம் போட்டாரு. அத்தன வருசம் பூச்சியோடயே வாழ்ந்த மனுசன். நீ அஞ்சு நொடியில, அதுவும் இருட்டுல எடுத்த படத்த வச்சு முடிவு கட்டுற.

இப்ப வூட்டுக்குள்ள வா. கொட்ட தோட்டோட, நல்லாக் காஞ்சு இருக்கற வரைக்கும் பெரிசா தொந்தரவு இல்ல. தோட்டுல இருக்கற எண்ணெய் நம்ம பொம்பளைங்க கையப் பொசுக்குதே, அதே எண்ணெய் கொட்டைக்குக் காவல். ஒடச்சுப் பருப்பா ஆனதும் காவல் போச்சு. பருப்புக்குத் தரம் பிரிக்கிறதுல 320-ஆம் நம்பர்னா ஒரு பவுண்டுக்கு 300-லேருந்து 320 பருப்பு. 180-னா பெரிய பருப்பு, கல்யாணத்துல சம்பந்தி இலையில மட்டும் வுழும். புழு வுழுந்த பருப்புக்கு அந்த வரிசையில நம்பரே கெடையாது.

வூட்டுக்குள்ள வர்ற அந்து மூணு பேரு. மொத ஆளு றெக்கையில ரெண்டு நெறம்: ஒடம்ப ஒட்டின பாதி வெளுத்த சாம்பல், நுனிப்பக்கம் செம்பு நெறம். இவனக் கண்டுக்கறது சுலபம், வேட்டி ஒரு கலரு, சட்ட ஒரு கலருன்னு திரியிறவன். பிளோடியான்னு பேரு. ரெண்டாவது ஆளு மொத்தமும் சாம்பல், குறுக்க மங்கலா ஒரு கோடு, எபெஸ்டியா. மூணாவது அரிசி அந்து, கார்சைரா. வெளிறின மண்ணு நெறம், ஒரு கோடும் இல்ல, புள்ளியும் இல்ல, ரேசன் கடை வரிசையில நின்னா யாரும் கவனிக்க மாட்டாங்க. புழுவ வச்சும் பிரிக்கலாம்: எபெஸ்டியா புழுவோட மேல மயிர்க்கால்ல கருப்புப் புள்ளி இருக்கும், பிளோடியா புழுவுக்கு அது இருக்காது. மூணுமே பருப்ப நூல் போட்டுக் கட்டி வைக்கும். பருப்புல ஒட்டட கட்டியிருந்தா அந்துன்னு வச்சுக்க, ஒட்டட இல்லாம வெறும் மாவு கொட்டுனா வண்டுன்னு வச்சுக்க.

அந்தி சாஞ்சதும் வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு, பறக்குற அந்துவ அடிக்க வூடு முச்சூடும் குதிக்கிறியே, அதப் பத்தி ஒரு வார்த்த. பறக்குறது சாப்புடுறதே இல்ல. அதுக்கு வாயும் வயிறும் பேருக்குத்தான். சோடி சேர்றதும் முட்ட போடுறதுமே சோலி, அப்பறம் ரெண்டு வாரத்துக்குள்ள தானா செத்துரும். பிளோடியாவுல ஒரு பொட்ட நூத்துலேருந்து நானூறு முட்ட வரைக்கும் போடும். நீ அடிச்சு வுழுத்தினது போட வேண்டியதப் போட்டுட்டு ஓய்வா பறந்துக்கிட்டு இருந்த கெழவியா இருக்கும். ஒரு ஒடற்பயிற்சி ஆச்சு, அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்க கேளு. நீ வெளக்குமாத்தால அடிக்கிற அதே அரிசி அந்துவ அரசாங்கம் சோறு போட்டு வளக்குது. ஒட்டுண்ணி ஆய்வுக்கூடங்கள்ல ஒரு தட்டுக்கு இரண்டரக் கிலோ ஒடச்ச கம்பு, அதுக்கு மேல மல்லாட்டப் பொடி, ஈஸ்ட்டுன்னு விருந்து வச்சு, அதோட முட்டய அட்டையில ஒட்டி, டிரைக்கோகிரம்மாங்கற குட்டிக் குளவிக்குக் குடுக்குறாங்க. ஒரு சி.சி. முட்டையில 18,000-லேருந்து 20,000 வரைக்கும் இருக்கும். அந்த அட்டய நம்ம கரும்புக் கொல்லையில கட்டுனா குளவி வெளிய வந்து, கரும்பத் துளைக்கிற இன்னொரு அந்தோட முட்டய அழிக்கும். ஆக, ஒரு அந்து உனக்குத் திருடன், அதே அந்து பக்கத்துக் கொல்லைக்காரனுக்குக் கூலியில்லாத வேலையாளு. யாருன்னு தெரியாம அடிக்கக் கூடாதுன்னு நான் தலபாடா அடிச்சுக்கறது இதுக்குத்தான்.

கொட்டைக்குள்ள பூந்து திங்குறது நம்ம ஊரு அந்துக்கு மட்டும் உள்ள கெட்ட பழக்கம்னு தல குனியாத. ஆப்பிளயும் வால்நட்டயும் கொடயிற காட்லிங் அந்து உலகம் பூரா பேரெடுத்தது. நம்ம தேசத்துல லடாக்குல இருக்கு. மெக்சிகோவுல ஒரு வெத தானா குதிக்கும். உள்ள ஒரு அந்துப்புழு இருந்து, சூடு பட்டா துள்ளுது, வெதயும் சேந்து துள்ளுது. அங்க அதப் பொம்மையா விக்கிறாங்க. நம்ம ஊரா இருந்தா அதுக்கு ஒரு கொட்டாய் போட்டு, முன்னால உண்டியல் வச்சிருப்போம்.

சிரிச்சது போதும், இத மட்டும் நிமிந்து ஒக்காந்து கேளு. கேரளாவுல காசர்கோட்டுல அரசாங்க முந்திரித் தோட்டத்துல தேயிலைக் கொசுவுக்காக ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் தெளிச்சாங்க. 1970-களோட கடைசியில ஆரம்பிச்சு 2000 வரைக்கும் மேலேருந்து கொட்டுச்சு. கீழ கெணறு இருந்துச்சு, பள்ளிக்கூடம் இருந்துச்சு, பச்சப் புள்ளைங்க இருந்தாங்க. 2011 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் குடுன்னு 2017-ல கேரள அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. ஒரு முந்திரிப் பூச்சிக்கு எடுத்த வைத்தியம் அது. பூச்சி இன்னும் இருக்கு. அந்தப் புள்ளைங்களோட ஒடம்பு சரியாவல.

நம்ம அந்துக்கு வருவோம். புழு கொட்டைக்குள்ள பூந்து எச்சத்தால கதவச் சாத்திக்கிட்ட பொறவு நீ மேல என்னத்தத் தெளிச்சாலும் அவன் மேல படாது. படுறது பூவுல ஒக்காந்திருக்கற தேனீ மேல. முந்திரிப் பூவுல காய் புடிக்க பூச்சிங்க வந்தாவணும். தேனீயக் கொன்னுட்டு, "இந்த வருசம் காய்ப்பு சரியில்ல, மழையே காரணம்"னு டீக்கடையில ஒக்காந்து மேகத்தத் திட்டுவ. மேகத்துக்கு டீக்கடை இல்லாததால அது பதில் சொல்ல வராது.

மரத்துல எலைய இழுத்துத் தைச்சுக் கூடு கட்டுதே முசுறு, அதயும் மருந்து கொன்னுரும். அறுப்புக்கு ஏறுனா கடிக்குதுன்னு நீயே பந்தத்தக் கொளுத்திக் கூட்டப் பொசுக்குற. முசுறு இருக்கற மரத்துல தேயிலைக் கொசுவும் மத்த பூச்சியும் கொறையுதுன்னு இங்கயும் ஆஸ்திரேலியாவுலயும் பாத்து எழுதியிருக்காங்க. ராத்திரியும் பகலும் சம்பளம் வாங்காம காவல் காக்குறவன், வருசத்துக்கு ஒரு தரம் முதலாளியக் கடிக்கிறான். நம்ம வூட்டு மாப்பிள்ளைங்க இதவிட அதிகமாக் கடிக்கிறாங்க, அவங்களுக்குப் பந்தமா கொளுத்துற?

செய்ய வேண்டியது கௌரவக் கொறச்சலான வேல, அதான் யாரும் செய்யறதில்ல. பிஞ்சு வுழுற காலத்துல குனிஞ்சு பொறுக்கணும். ஓட்ட வுழுந்ததயும் நூல் கட்டினதயும் கொத்தோட கிள்ளி, கொளுத்தணும் இல்லன்னா ஆழமாப் பொதைக்கணும். வரப்போரம் தூக்கிப் போட்டா புழு நடந்து மண்ணுக்குள்ள எறங்கி அடுத்த தலைமொறய அனுப்பிரும். மரத்தடி மண்ணக் கிளறி வுட்டா கூட்டுக்குள்ள தூங்குறவன் வெயில்லயும் மைனா வாயிலயும் மாட்டுவான். இதுக்கு மேலயும் தாங்கலன்னா ஓட்டயுள்ள கொட்டயோட சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போ. எந்த மருந்து, எந்தப் பருவத்துல, எம்மாம் அளவுன்னு எழுதி வாங்கிக்க. அது வரைக்கும் டப்பாவத் தெறக்காத.

வூட்டுச் சரக்குக்கு: கொட்டய ரெண்டு மூணு நாள் நல்லாக் காய வச்சுக் கட்டு. பருப்ப காத்துப் போவாத டப்பாவுல வையி. சந்தேகமா இருந்தா மைனஸ் 18 டிகிரி குளிருல 4 நாள் வச்சு எடு, முட்ட மொதக்கொண்டு செத்துரும். கிடங்கு வச்சிருக்கறவன் கவர்ச்சிப் பொறி வாங்கித் தொங்க வுடலாம். பொட்ட வாசனையக் காட்டி ஆம்பளைய ஒட்டுத் தாள்ல ஒட்ட வைக்கிற வித்த அது. ஒரே வாசனைக்கு பிளோடியாவும் எபெஸ்டியாவும் ரெண்டுமே வந்து வுழும், அரிசி அந்து திரும்பிக்கூடப் பாக்காது. ஆக, பொறியில எவன் ஒட்டியிருக்கான்னு பாத்தாலே கிடங்குல யாரு குடியிருக்கான்னு பாதி தெரிஞ்சுரும்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். இந்த மாசியில மரம் வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் ஒரு மரத்தடியில குனிஞ்சு, வுழுந்த பிஞ்சப் பொறுக்கி, பிளந்து, உள்ள யாருன்னு உங்க கண்ணால பாருங்க. மருந்துக்கடைக்குப் போற வழி மரத்தடி வழியாத்தான் போவணும். அதத் தாண்டிக் குறுக்கால போறவன் பூச்சிக்காகச் செலவு பண்ணல, கடைக்காரருக்கு மொய் எழுதுறான்.